துணி உலர்த்தி: சூட்டைத் தேடுமுன் காற்றைத் தேடுங்கள்

வட அமெரிக்க வீடுகளில் துவைப்பு இயந்திரத்துக்கு அருகில் நிற்கும் மின் உலர்த்தியை, நம்மில் பலர் துணியைச் சூடாக்கும் ஒரு பெட்டி என்றே எண்ணிப் பழகிவிட்டோம். பழுது வரும்போது வழி தவறுவதற்கு அந்த எண்ணமே முதற்காரணம். ஆடி மாதத்தில் வானம் மூடியிருந்தாலும் காற்று வீசினால் கொடியில் போட்ட வேட்டி விரைவாகக் காய்ந்துவிடுகிறது. அதே வேட்டியைக் கதவடைத்த புழுக்கமான அறைக்குள் போட்டால் மறுநாளும் ஈரம் போகாமல் நாறுகிறது. உலர்த்தியும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அறையிலுள்ள காற்றை இழுத்து, ஹீட்டர் சுருளின் மீது செலுத்திச் சூடேற்றி, டிரம்முக்குள் புரளும் துணிகளின் ஊடே ஓட்டி, ஈரத்தைச் சுமந்த அந்தக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடுவதே அதன் வேலை. வெளியேறும் வழி அடைபட்டுவிட்டால் எவ்வளவு சூடு இருந்தும் துணி காயாது. அதோடு, போக இடமில்லாத அந்தச் சூடு இயந்திரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கெடுக்கத் தொடங்கும்.

இங்கே சொல்லப்படுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாக உள்ள, 240 வோல்ட்டில் இயங்கி வெளிக்குழாய் வழியே காற்றை விடும் மின் உலர்த்திகளைப் பற்றியது. எரிவாயுவில் இயங்கும் உலர்த்திகளில் நச்சுவாயு வீட்டுக்குள் கசியும் அபாயம் உண்டு என்பதால், அவற்றின் வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்கு மேல் எதையும் நாமே செய்யாமல், உரிமம் பெற்ற பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை.

துணி காய நேரம் கூடிக்கொண்டே போனால்

முன்பு முக்கால் மணி நேரத்தில் காய்ந்த துணி இப்போது இரண்டு சுற்று ஓட்டியும் ஈரமாகவே இருக்கிறது என்பதுதான் எல்லார் வீட்டிலும் கேட்கும் குறை. இது ஒரே நாளில் வருவதில்லை; மாதத்துக்குச் சில நிமிடங்களாகக் கூடிவருவதால் கவனத்துக்கு வருவதில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசிதான். ஆகவே முதலில் பஞ்சு வடிகட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை துணி போடுமுன்னும் அதிலுள்ள பஞ்சை வழித்தெடுக்க வேண்டும் என்பது தெரிந்ததே. தெரியாமல் போவது, பஞ்சே இல்லாமல் சுத்தமாகத் தோன்றும் வலையும் அடைபட்டிருக்கக்கூடும் என்பதுதான். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் துணியோடு போடும் மெழுகு பூசிய தாள்கள், வலையின் நுண்ணிய கண்களில் கண்ணுக்குத் தெரியாத படலத்தைப் படியவைக்கின்றன. வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே வழிந்திறங்கினால் குறையில்லை. தாமரை இலையில் நிற்பதுபோல் தேங்கி நின்றால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.

வடிகட்டி எல்லாப் பஞ்சையும் பிடித்துவிடுவதில்லை. தப்பிப்போகும் பஞ்சு, சுவரைத் தாண்டி வெளியே போகும் குழாயின் வளைவுகளில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு நாளடைவில் கெட்டியாகிவிடுகிறது. பின்பக்கத்தைப் பார்ப்பதற்கு, முதலில் மின்செருகியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மெதுவாக முன்னே இழுங்கள். இயந்திரத்தையும் சுவரையும் இணைக்கும் அந்தச் சிறு துண்டுக் குழாய்தான் அதிகம் அடிபடும் இடம். இடத்தை மிச்சப்படுத்த இயந்திரத்தைச் சுவரோடு தள்ளிவைக்கும்போது அது நசுங்கிப்போகிறது. வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆன சுருங்கி விரியும் குழாய் இருந்தால் யோசிக்காமல் எடுத்தெறியுங்கள். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. மெல்லிய வெள்ளித்தாள் போன்ற மடிப்புக் குழாயும் நல்லதன்று, அதன் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 4 அங்குல விட்டமுள்ள, உட்புறம் வழுவழுப்பான கெட்டி உலோகக் குழாயே சரியானது. இணைப்புகளில் திருகாணி போட்டால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சுக்குக் கொக்கியாகிவிடும் என்பதால், அலுமினிய ஒட்டு நாடாவால் சுற்ற வேண்டும். துணியாலான சாம்பல்நிற நாடா சூட்டில் நாளடைவில் உரிந்துவிடும்.

குழாயின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளில் பொதுவாகக் கொள்ளப்படும் உச்ச நீளம் 35 அடி. ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதிலிருந்து 5 அடியைக் கழித்துவிட வேண்டும். நிலவறையிலோ வீட்டின் நடுவிலோ உலர்த்தியை வைத்துவிட்டு, நான்கு வளைவுகளோடு குழாயைக் கொண்டுபோகும் வீடுகளில், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் துணி ஏன் காய்வதில்லை என்பது விளங்கிவிடும்.

குழாயைச் சுத்தம் செய்ய, ஒன்றோடொன்று திருகி இணைக்கும் வளையும் கம்பிகளோடு கூடிய தூரிகை கடைகளில் கிடைக்கிறது. அதைத் துளையிடும் கருவியில் பொருத்திச் சுழற்றலாம். ஆனால் வலப்பக்கமாக மட்டுமே சுழற்ற வேண்டும்; இடப்பக்கமாகச் சுழற்றினால் கம்பிகள் உள்ளேயே திருகு கழன்று, தூரிகைத் தலை சுவருக்குள் தங்கிவிடும். அதை வெளியே எடுப்பது முதலில் இருந்த அடைப்பை எடுப்பதைவிடப் பெரிய வேலை. கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளின் மேல் ஒட்டு நாடாவைச் சுற்றிவைப்பதும் நல்லது.

வெளிச்சுவரில் உள்ள மூடியைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். இயந்திரம் ஓடும்போது அதன் மடல் முழுவதும் திறந்து, சூடான காற்று கையில் வேகமாக வந்து மோத வேண்டும். அங்கே பறவைகள் கூடு கட்டுவதுண்டு. அதைத் தடுப்பதாக நினைத்துச் சிலர் கொசுவலை போன்ற கம்பிவலையைப் பொருத்திவிடுகிறார்கள். இரண்டு வாரங்களில் பஞ்சு அதன்மேல் கம்பளம்போல் படிந்து வழியை முற்றிலும் அடைத்துவிடும். கனடாவில் தரைக்கு அருகே மூடி அமைந்த வீடுகளில் பனிக்குவியலும் இதையே செய்கிறது. ஒரு தை மாதத்தில் நான் இயந்திரத்தின் பின்பலகையைக் கழற்றி ஒரு மாலை முழுவதும் உறுப்புகளை அளந்து பார்த்துவிட்டு, கடைசியில் வெளியே போய்ப் பார்த்தபோது, மூன்று நாள் பனி அந்த மூடியின்மேல் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. அன்றிலிருந்து எந்தக் குறையானாலும் முதலில் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

குறை இயந்திரத்திலா குழாயிலா என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு மூன்று ஈரத் துண்டுகளோடு 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். துண்டுகள் நன்றாகக் காயத் தொடங்கினால் இயந்திரம் நலமாக இருக்கிறது, குழாய்தான் அடைபட்டிருக்கிறது. ஈரமும் பஞ்சும் அறைக்குள் வரும் என்பதால் இதை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். எரிவாயு உலர்த்தியில் ஒருபோதும் செய்யக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நேரம் கூடுகிறதென்றால், பழியை உலர்த்தியின்மேல் போடாமல் துவைப்பு இயந்திரத்தையும் ஒருமுறை பாருங்கள். அது கடைசிச் சுழற்சியில் வேகமாகச் சுழன்று தண்ணீரைப் பிழிந்தெடுக்காவிட்டால், சொட்டச் சொட்ட வரும் துணியை உலர்த்த எந்த இயந்திரமும் திணறத்தான் செய்யும்.

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால்

உலர்த்திக்கு வரும் 240 வோல்ட் என்பது 120 வோல்ட் வீதம் இரண்டு கம்பிகளில் வருவது. மோட்டாரும் விளக்கும் அவற்றுள் ஒரு கம்பியைக் கொண்டே, 120 வோல்ட்டில், இயங்கிவிடும்; ஹீட்டர் சுருளுக்கு மட்டும் இரண்டும் வேண்டும். ஆகவே மின்பலகையிலுள்ள 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரில் ஒரு பாதி மட்டும் துண்டிக்கப்பட்டால், டிரம் வழக்கம்போல் சுற்றும், சத்தமும் வழக்கம்போல் கேட்கும், சூடு மட்டும் இருக்காது. பிரேக்கர் பார்வைக்குச் சரியாகவே தோன்றக்கூடும்; அதை முழுவதும் அணைத்து, பிறகு மீண்டும் போட்டுப் பாருங்கள். சூடில்லாக் காற்று மட்டும் வரும் நிலையில் திருகு குமிழை யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீடுகளில் இது அரிதன்று.

அதன்பிறகே உள்ளே பார்க்க வேண்டும். செருகியைக் கழற்றாமல் எந்தப் பலகையையும் திறக்காதீர்கள். பிரேக்கரை அணைத்திருந்தாலும் செருகியையும் கழற்றுங்கள். உள்ளே தகட்டு விளிம்புகள் கத்திபோல் இருக்கும், கையுறை அவசியம். கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் மாதிரி எண் ஒட்டப்பட்டிருக்கும். சில மாதிரிகள் பின்பக்கமாகவும் சில முன்பக்கமாகவும் திறப்பவை என்பதாலும், உதிரிப்பாகங்கள் மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதாலும் அந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

மின்னளவுக் கருவியான மல்டிமீட்டரை, மின்தடையைக் காட்டும் ஓம் அளவையில் வைத்து, சோதிக்கும் உறுப்பின் ஒரு பக்கக் கம்பியையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 240 வோல்ட்டில் 5,400 வாட் இழுக்கும் ஹீட்டர் சுருளின் மின்தடை ஏறக்குறைய 10.7 ஓம், பெரும்பாலான வீட்டு உலர்த்திகளில் இது 10 ஓம் அளவையொட்டியே இருக்கும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து, சுருளின் முனைக்கும் அதைச் சுற்றியுள்ள தகட்டுப் பெட்டிக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. தொங்கிப்போன சுருள் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் சூடு தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். துணி கருகும் வாடை வந்தாலோ, சூடில்லா நிலையில் வைத்தும் சூடு வந்தாலோ, உடனே பிரேக்கரை அணைத்துவிட்டுச் சுருளை மாற்றும்வரை இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

சுருள் நன்றாக இருந்தால், அதன் பெட்டியின்மேலும் காற்றாடியின் உறைமேலும் பொருத்தப்பட்டுள்ள சிறு பாதுகாப்பு உறுப்புகளை அளக்க வேண்டும். அவற்றுள் வெப்ப ஃபியூஸ் என்பது அளவுக்கு மீறிச் சூடேறினால் ஒரே ஒரு முறை அறுந்து, பிறகு ஒருபோதும் சேராதது. மீட்டர் தொடர்பைக் காட்டாவிட்டால் புதிதாகத்தான் போட வேண்டும். இது அறுந்தால் சில மாதிரிகளில் சூடு மட்டும் நிற்கும், வேறு சிலவற்றில் இயந்திரமே ஓடாது. ஹீட்டர் பெட்டியின் மேலுள்ள வெப்பத் துண்டிப்பானையும் அதன் துணையான தெர்மோஸ்டாட்டையும் பல நிறுவனங்கள் சேர்த்தே விற்கின்றன. அவற்றை இணையாகவே மாற்றுவது வழக்கம்.

இந்த இடத்தில் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்ப ஃபியூஸ் தானாகக் கெடுவது குறைவு. காற்று போகாமல் சூடு தேங்கியதாலேயே பெரும்பாலும் அது அறுகிறது. குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றியவர்கள் சில வாரங்களில் இன்னொன்றைத் தேடிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடியது, அவசரத்துக்கு ஒரு கம்பித்துண்டால் அதன் இரு முனைகளையும் இணைத்து ஓட்டுவது. வீட்டுக்கும் தீக்கும் நடுவே உள்ள கடைசிக் காவலை நீக்கிவிட்டு ஓட்டும் இயந்திரம் அது.

அறவே ஓடாதபோது

பொத்தானை அழுத்தியும் அசைவில்லை என்றால், குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைக் கவனியுங்கள். கதவை மூடும்போது 'கிளிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். கதவுச் சுவிட்சை விரலால் அழுத்தினாலும் ஒலிக்காவிட்டால் அது போயிருக்கிறது. மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் டிரம்மைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்த இறுக்கமும் இல்லாமல் சுலபமாகச் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. சில மாதிரிகளில் பெல்ட் அறுந்தவுடன் மோட்டாரையே நிறுத்திவிடும் சுவிட்சு உள்ளது.

மின்வடம் இயந்திரத்தோடு சேரும் இடத்தையும் திறந்து பார்க்க வேண்டும். 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் இயந்திரத்தில், ஒரு திருகு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறிக் கருகிவிடும். வீடு மாறியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் நேர்வதுண்டு. அமெரிக்காவில் 1996இல் வந்த விதி மாற்றத்துக்குப் பின் கட்டிய வீடுகளில் நான்கு முனைச் சாக்கெட்டும், அதற்கு முந்தைய பல வீடுகளில் மூன்று முனைச் சாக்கெட்டும் இருக்கும். மாற்ற வேண்டியது சாக்கெட்டை அன்று, வடத்தை. மூன்று முனையிலிருந்து நான்கு முனைக்கு மாறும்போது, நியூட்ரல் முனையை இயந்திரத்தின் உடலோடு இணைத்திருக்கும் பட்டையை நீக்கி, உடலைத் தனியாக எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். இது விளங்காவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள்.

சத்தங்கள்

கீச்சிடும் ஒலி பெரும்பாலும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சிறு கப்பியிலிருந்து அல்லது டிரம்மைத் தாங்கும் சக்கரங்களிலிருந்து வரும். ஒரு சக்கரம் தேய்ந்தால் அதனுடன் உள்ள மற்றவற்றையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்; இயந்திரத்தைப் பிரிக்கும் உழைப்புதான் பெரிது, உதிரிப்பாகம் பெரிதன்று. நெடுநாள் ஓடாமல் நின்ற இயந்திரம் தொடங்கும்போது 'தடதட'வென்று ஒலித்துப் பிறகு அடங்குமானால், சக்கரங்களின் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தியிருந்ததே காரணம், கவலை வேண்டாம். உலோகம் உராயும் ஒலி கேட்டால் நிறுத்திவிட்டு, டிரம்மின் விளிம்பில் நாணயமோ ஊசியோ உள்ளாடைக் கம்பியோ சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே நின்றுவிட்டால்

தானியங்கி நிலையில், டிரம்முக்குள் முன்பக்கம் உள்ள இரண்டு உலோகப் பட்டைகள் துணியின் ஈரத்தை உணர்ந்து இயந்திரத்தை நிறுத்துகின்றன. மென்மைத் தாள்களின் மெழுகு அவற்றின் மேலும் படியும். அப்போது ஈரத் துணி பட்டாலும் அவற்றுக்குத் தெரியாது, காய்ந்துவிட்டதாகக் கருதி இயந்திரம் நின்றுவிடும். தேய்ப்பதற்கான ஆல்கஹாலையோ (rubbing alcohol) வெள்ளை வினிகரையோ துணியில் நனைத்து அந்தப் பட்டைகளைத் துடைத்தால் போதும். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பருத்திச் சேலையைப் போட்டால், அது மற்ற துணிகளை எல்லாம் உள்ளே சுருட்டிக்கொண்டு வடக்கயிறுபோல் முறுக்கிக்கொள்கிறது. வெளிப்புறம் காய்ந்து, உட்புறம் ஈரம் அப்படியே நிற்கிறது. சேலையைத் தனியாகப் போட்டு, நடுவில் ஒருமுறை நிறுத்தி உதறிவிட்டு மீண்டும் ஓட்டலாம். பட்டுக்கும் சரிகைக்கும் இந்த இயந்திரத்தில் வேலையே இல்லை.

எண்ணெய்த் துணியும் தீயும்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவைக் கொண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டு வீடுகளில் உலர்த்தியால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன. அவற்றின் தலையாய காரணம், 34 விழுக்காட்டில், சுத்தம் செய்யாமல் விட்டதே. பஞ்சு பற்றி மேலே போதுமான அளவு சொல்லியாயிற்று. நாம் தனியாக அஞ்ச வேண்டியது எண்ணெயை.

எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டும், அடுப்படியில் எண்ணெய் துடைத்த துணியும், ஒருமுறை துவைத்தாலும் எண்ணெயை முழுவதும் விட்டுவிடுவதில்லை. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தாமாகவே வெப்பத்தை வெளியிடும். கொடியில் விரித்துக் காயும் துணியில் அந்த வெப்பம் கலைந்துபோகும். உலர்த்தியில் சூடேறிய துணியைக் கூடையில் அப்படியே குவித்துவைத்தாலோ, குவியலின் நடுவே வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்து, யாரும் தீண்டாமலேயே தீப்பிடிக்கக்கூடும். ஆகவே இத்தகைய துணிகளைச் சூடான தண்ணீரில் கூடுதல் சோப்போடு இருமுறை துவையுங்கள். அதன்பிறகும் எண்ணெய் வாடை அடித்தால் கொடியில்தான் போட வேண்டும். உலர்த்தும் சுற்றின் முடிவில் சூடின்றி ஓடும் சில நிமிடங்கள் வீண் நேரம் அல்ல. துணியின் சூட்டைத் தணிப்பதற்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன, நடுவில் நிறுத்தித் துணியைச் சூட்டோடு விட்டுச்செல்லாதீர்கள். எல்லாரும் உறங்கும்போதும் வீட்டில் ஆளில்லாதபோதும் உலர்த்தியை ஓட்டாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பராமரிப்பின் கால அளவு

வடிகட்டியின் பஞ்சை ஒவ்வொரு முறையும், வலையின் மெழுகையும் ஈர உணரிப் பட்டைகளையும் மாதம் ஒருமுறையும், குழாயையும் வெளி மூடியையும் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் கவனித்துவந்தால், மேலே சொன்ன பழுதுகளில் பாதிக்கு மேல் எட்டிப்பார்க்காது. குளிர்காலத்துக்கு முன், புரட்டாசி வாக்கில், குழாயைச் சுத்தம் செய்துகொள்வது வசதி. பனிக்குவியலில் முழங்கால் புதைய நின்று அதைச் செய்ய வேண்டியிராது. கம்பளிப் போர்வைகளும் புதிய துண்டுகளும் மிகுதியாகப் பஞ்சு உதிர்ப்பவை. அவற்றை அடிக்கடி உலர்த்தும் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே பொருத்தம். பின்பலகையையோ முன்பலகையையோ கழற்ற நேரும்போதெல்லாம், மோட்டாரைச் சுற்றியும் தரைத்தகட்டிலும் படிந்துள்ள பஞ்சை உறிஞ்சு கருவியால் எடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டிய இயந்திரத்தில் மோட்டார் போய்விட்டால், பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே என் பார்வையில் சிக்கனம். ஃபியூஸ், பெல்ட், சக்கரம், சுருள் ஆகியவற்றுக்காக மட்டும் இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

வேலை முடிந்து இயந்திரத்தைத் திரும்பத் தள்ளும்போது, பின்குழாய் நசுங்காதபடி சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சில அங்குல இடைவெளி விட்டு, நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஈரத் துண்டுகளைப் போட்டு ஓடவிட்டு, வெளியே போய் மூடியின் முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பிடியுங்கள். மடல் முழுவதும் திறந்து, ஈரமான சூட்டுக்காற்று கையில் வேகமாக வந்து மோதினால், கழற்றிய திருகாணிகளையும் மீட்டரையும் எடுத்துவைத்துவிடலாம்.